முதல் வீடு கடலோரத்தில்: எந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது?

கரைதேடி
9 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் முதல் வீடு வாங்கும் முடிவுக்கு வந்திருக்கிறோம். எனக்கு 33 வயது, அவருக்கு 29. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். இரண்டு வயது மகன் இருக்கிறான். இப்போது ஹவ்காங்கில் என் மாமியார் வீட்டில் ஓர் அறையில் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடுகளுக்கான பிடிஓ குலுக்கலில் எங்களுக்கு எண் கிடைக்கவில்லை. மகன் தொடக்கப்பள்ளிக்குப் பதியும் நேரத்தில் சொந்த முகவரி இருக்க வேண்டும் என்பதால், மறுவிற்பனைச் சந்தையில் நாலறை வீடு பார்க்கத் தொடங்கியுள்ளோம்.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவன். வீட்டு வாசலில் அலையடிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. சாயங்காலம் நடந்தே கடற்கரைக்குப் போய்வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்கு உட்பட்டு மரின் பரேட் - பிடோக் சவுத், பாசிர் ரிஸ், பொங்கோல், செம்பவாங் ஆகிய நான்கு வட்டாரங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். என் அலுவலகம் எக்ஸ்போ நிலையத்தருகே, சாங்கி வர்த்தகப் பூங்காவில் இருக்கிறது. மனைவியின் வேலை ஊட்ரம் பார்க்கில். வீடு காட்டிய முகவர் ஒருவர், "கடல் தெரியும் வீடு என்றைக்கும் விலை இறங்காது" என்று அடித்துச் சொல்கிறார். அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த வட்டாரங்களில் குடியிருப்பவர்கள், வீடு பார்க்கப் போகும் ஒருவரின் கண்ணுக்கு எளிதில் படாத விஷயங்களைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை
9 ஆகஸ்ட் 2025

வணக்கம் தம்பி. கடலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் குத்தகையைப் பாருங்கள். மத்திய சேமநிதியிலிருந்து (மசேநிதி) முழு அளவில் பணம் எடுப்பதற்கும், வீவக கடனை அதன் உச்சவரம்பான 75 விழுக்காடு வரை பெறுவதற்கும், வாங்குவோரில் வயது குறைந்தவருக்கு 95 வயது ஆகும்வரை வீட்டின் குத்தகை நீடிக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு 29 வயது என்றால் இன்னும் 66 ஆண்டுகள் எஞ்சியிருக்க வேண்டும். அதாவது, அந்த வீட்டின் 99 ஆண்டுக் குத்தகை 1992 வாக்கிலோ அதற்குப் பிறகோ தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். மரின் பரேட் அடுக்குமாடிகள் 1970களின் நடுப்பகுதியில் எழுந்தவை; அவற்றில் இன்று ஏறக்குறைய 50 ஆண்டுகளே மீதம் இருக்கின்றன. பிடோக் சவுத்தின் பழைய புளோக்குகளும் ஏறத்தாழ அதே வயதுதான். அங்கே வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மசேநிதியிலிருந்து எடுக்கும் தொகையும் கடனும் விகிதப்படி குறைந்து, கையிலிருந்து போட வேண்டிய ரொக்கம் கூடிவிடும். பாசிர் ரிஸ் இந்தக் கோட்டின் இரு பக்கமும் கிடக்கிறது: 1980களின் இறுதியில் கட்டியவை கோட்டுக்குக் கீழே, 1990களின் நடுவில் கட்டியவை மேலே. ஆகவே அங்கே வட்டாரத்தைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒவ்வொரு புளோக்கின் குத்தகை தொடங்கிய ஆண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொங்கோலிலும் செம்பவாங்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மானியம். முதன்முறை வாங்கும் குடிமக்கள் தம்பதியர், மறுவிற்பனையில் நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீடு வாங்கினால், குடும்ப வருமானம் மாதம் 14,000 வெள்ளியைத் தாண்டாதவரை 80,000 வெள்ளி கிடைக்கும். வருமானம் 9,000 வெள்ளிக்குள் இருந்தால், அதற்கேற்ப 120,000 வெள்ளி வரையிலான கூடுதல் மானியமும் உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் மேலும் 20,000 வெள்ளி. இதில்தான் உங்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இந்த 4 கிலோமீட்டர் சாலை வழித் தூரமன்று, நேர்க்கோட்டுத் தூரம். உங்கள் மாமியார் ஹவ்காங் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், பொங்கோல் நிலையத்தைச் சுற்றியுள்ள புளோக்குகள் எல்லைக்கோட்டிலேயே நிற்கும். அங்கிருந்து கடலை நோக்கி வடக்கே போகப் போக வட்டத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். பாசிர் ரிஸின் பெரும்பகுதி வெளியேதான். வீவக இணையத்தளத்தில் இரண்டு முகவரிகளையும் கொடுத்தால் தூரத்தை அதுவே சொல்லிவிடும்.

மூன்றாவது, நம்மவர்கள் பலர் வீடு பிடித்துப்போன பிறகே நினைத்துப் பார்க்கும் விஷயம்: இன விகிதாசாரம். 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. அந்த வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில், சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை நீங்கள் வாங்க முடியாது. இந்தியரோ பிற இனத்தவரோ விற்றால் மட்டுமே வாங்கலாம். இந்த நிலவரம் மாதந்தோறும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. எனவே வீட்டைப் பார்க்கப் புறப்படுமுன் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆசையும் அலைச்சலும் மிச்சம்.

முகவர் சொன்னதற்கு வருவோம். கடல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குத்தகை ஆண்டுக்கு ஓர் ஆண்டு கரையத்தான் செய்யும். நீங்கள் விற்க நினைக்கும் காலத்தில் வாங்க வருபவருக்கும் இதே 95 வயதுக் கணக்கு இருக்கும்.

பழைய காத்தோங்
10 ஆகஸ்ட் 2025

கணக்குப்பிள்ளை ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன். என் பெற்றோர் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் மரின் பரேடில் இருக்கிறது. இது முழுக்க முழுக்கக் கடலைத் தூர்த்த நிலத்தின்மீது எழுந்த முதல் குடியிருப்புப் பேட்டை. கிழக்குக் கரையோர நிலமீட்புப் பணி 1966இல் தொடங்கியது. அதற்கு முன்பு ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்குச் சற்றுத் தெற்கிலேயே கரை இருந்தது. ஆம்பர் ரோட்டுப் பங்களாக்களின் பின்புறத்தில் கடலுக்குள் இறங்கப் படிக்கட்டுகள் இருந்தன. கடல் தெரிகிறது என்று விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு, சில ஆண்டுகளில் வீட்டுக்கு முன்னால் நிலமும் அடுக்குமாடிகளும் தெரியத் தொடங்கின.

அதே கதை மறுபடியும் நடக்கலாம். 2023 நவம்பரில் "லாங் ஐலண்ட்" திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு, அதற்கும் இப்போதைய கரைக்கும் இடையில் ஒரு நீர்த்தேக்கத்தை அமைப்பது அதன் நோக்கம். காரணம் நியாயமானதே. இந்தப் பகுதி தாழ்வானது; இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது 2024இல் வெளிவந்த பருவநிலை ஆய்வின் மதிப்பீடு. கடலைத் தடுக்க எங்கள் பூங்கா நெடுகிலும் சுவர் எழுப்புவதைவிட, தள்ளிப்போய் நிலத்தை உயர்த்துவது மேல் என்றே நானும் நினைக்கிறேன். ஆய்வுகள் இப்போதுதான் நடக்கின்றன, வேலை முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆனால் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் ஒருவர், கடனை அடைத்து முடிக்கும் நாளில் தன் ஜன்னலில் தெரியப்போவது கடலா, ஏரியா, அதற்கப்பால் வேறொரு நகரமா என்பதை யோசிக்காமல் "கடல் காட்சி"க்கென்று தனியாகப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாழ்வான இடம் என்றதும் மழைவெள்ளத்தைப் பற்றிய கேள்வியும் வரும். வெள்ளம் தேங்கக்கூடிய இடங்களின் பட்டியலைப் பொதுப் பயனீட்டுக் கழகம் வெளியிட்டிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி குடியிருக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பற்றினால் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை எங்கள் பக்கம் வந்ததிலிருந்து, மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர் நிலையங்களிலிருந்து ஊட்ரம் பார்க்குக்கு வண்டி மாறாமல் போகலாம். 2026இல் இந்தப் பாதை சுங்கை பிடோக் வரை நீளவும், எக்ஸ்போவிலிருந்து டவுன்டவுன் பாதை அங்கே வந்து சேரவும் திட்டமிடப்பட்டுள்ளது. அது நடந்தால் கணவன் மனைவி இருவருக்கும் வேலைக்குச் செல்வது எளிது. சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. 84ஆம் புளோக் சந்தையும் உணவங்காடியும் நடை தூரத்தில் இருக்கின்றன.

கடலைப் பார்த்த புளோக் என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்கும் கடற்கரைக்கும் நடுவே இசிபி விரைவுச்சாலை ஓடுகிறது. உயரமான மாடியில் விடியற்காலை அலையோசை என்று படுத்துக் கேட்பது பெரும்பாலும் லாரிச் சத்தமாகத்தான் இருக்கும். கப்பல்கள் நிறைந்த கடல் இது என்பதையும் மறக்கக் கூடாது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இரு கப்பல்கள் மோதி ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடற்கரை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது.

உப்புக்காற்று
10 ஆகஸ்ட் 2025

பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவுக்கு எதிரே குடியிருப்பவள் நான். வரைபடத்தில் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் காற்றின் திசை. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்று. எங்கள் கரையும் பொங்கோல் கரையும் வடக்கே ஜோகூர் நீரிணையைப் பார்ப்பவை. ஆகவே கடல் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டில் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் மின்விசிறியே வேண்டாம். ஆனால் டிசம்பர் மழையில் அதே ஜன்னல் வழியாகச் சாரல் நடுக்கூடம் வரை வரும். ஜூலை மாதத்தில் ஓர் இலைகூட அசையாது. தென்கிழக்கைப் பார்த்த ஈஸ்ட் கோஸ்ட் வீடுகளுக்கு இது நேர்மாறு. வீடு பார்க்கப் போகும் மாதத்தை வைத்து "நல்ல காற்று" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மேற்கு வெயில் படும் சுவரையும் மாலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

அடுத்து உப்பு. ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் விரல் பிசுபிசுக்கும். கம்பிக் கதவின் கீல், துணிக்கம்பு செருகும் பிடி, குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகிய மூன்றும்தான் முதலில் துருப்பிடிக்கும். வீட்டைப் பார்க்கும்போது சமையலறைப் பலகைகளைத் தடவிப் பார்ப்பதைவிட இந்த மூன்றையும் குனிந்து பார்ப்பது மேல். முன்னவர் வீட்டை எப்படிப் பராமரித்தார் என்பது அங்கே தெரிந்துவிடும். வெளிப்பக்கம் திறக்கும் பழைய ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகள் இருக்க வேண்டும் என்பது 2004இலிருந்து சட்டம். அதை மாற்றினார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஜன்னல் கீழே விழுந்தால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

நீரிணைக்கு அந்தப் பக்கம் பாசிர் கூடாங் தொழிற்பேட்டை இருக்கிறது. காற்று அங்கிருந்து திரும்பும் நாள்களில் எப்போதாவது இரசாயன நெடி வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விமானச் சத்தமும் உண்டு. பாய லேபார் விமானப்படைத் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்கும் என்பதால் அது குறையலாம். ஆனால் தளம் போனதும் கட்டடங்களுக்கான உயரக் கட்டுப்பாடு தளர்ந்து, நம் முன்னே இருக்கும் காலி நிலத்தில் என்ன எழும்பும் என்பது வேறு கதை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் அந்த நிலம் எதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் வேலைக்குப் பாசிர் ரிஸ் மிகவும் வசதி: தானா மேராவில் ஒருமுறை மாறினால் எக்ஸ்போ. குறுக்குத் தீவு ரயில் பாதையும் 2030இல் இங்கே வரவிருக்கிறது. அதில் ஏறினால் ஹவ்காங்கில் உங்கள் மாமியார் வீட்டுக்கு நேரே போய்விடலாம். உங்கள் மனைவிக்குத்தான் கிழக்கு - மேற்குப் பாதையில் நெடுந்தூரப் பயணம்.

பள்ளியையும் சேர்த்து யோசியுங்கள், தம்பி. தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு முன்னுரிமை உண்டு. அந்த முகவரியைக் காட்டி இடம் பெற்றால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து 30 மாதங்களாவது அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் தமிழ் கிடையாது; இல்லாவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை தாய்மொழிப் பாடத்துக்காக வேறு பள்ளிக்கு அலைய நேரிடும்.

பொங்கோல் மணி
11 ஆகஸ்ட் 2025

பொங்கோலுக்காக நான் பேசுகிறேன். இங்கே விளம்பரங்களில் "நீர்க்காட்சி" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கடலன்று. 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள பொங்கோல் நீர்வழி மனிதர் வெட்டியது; அதன் இரு முனைகளிலும் இருப்பவை அணைகட்டி நன்னீராக்கிய பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள். உண்மையான கடற்கரை பொங்கோல் முனையிலும் கோனித் தீவிலும்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரருக்கு அந்தக் கரை கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: அலை கிடையாது, எதிரே ஜோகூர். ஆனால் உப்பின் தொல்லை இல்லாமல் தண்ணீரோரம் நடக்கக் கிடைக்கும் இடம் இது.

நம் குடும்பங்களுக்கு இதன் பெரிய வசதி வடக்கு - கிழக்கு ரயில் பாதை. லிட்டில் இந்தியாவுக்கும் ஊட்ரம் பார்க்குக்கும் வண்டி மாறாமல் போகலாம். தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு ஒரே வண்டியில் வீடு திரும்பலாம். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறக்கப்பட்ட பிறகு வடக்கு முனைவாசிகள் எல்ஆர்டி இலகு ரயிலை நம்பியிருக்கத் தேவையில்லை. மற்றவர்கள் காலை நேர எல்ஆர்டி நெரிசலை ஒருமுறை அனுபவித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கோயில் என்றால், பக்கத்துச் செங்காங்கில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. உங்கள் எக்ஸ்போ பயணம்தான் இடிக்கிறது. இங்கிருந்து கிழக்கே நேரடி ரயில் இல்லை. குறுக்குத் தீவுப் பாதையின் பொங்கோல் கிளை 2032இல்தான். அதுவரை தெம்பனிஸ் விரைவுச்சாலைப் பேருந்துதான் கதி.

செம்பவாங்கை என்னைக் கேட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கடற்கரை அழகானது, வீடுகளும் புதியவை. ஆனால் எக்ஸ்போவுக்குத் தீவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கரைதேடி
12 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியார் வீடு ஹவ்காங் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எல்லைக்கோட்டுச் சிக்கல் எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. செம்பவாங்கையும் மரின் பரேடையும் விட்டுவிட்டோம். 20,000 வெள்ளிக்காக மனைவி பொங்கோல் தென்பகுதியைச் சொல்கிறார். எனக்குப் பாசிர் ரிஸ் மேல் ஒரு கண். இதற்கிடையில் பாசிர் ரிஸில் 1995இல் குத்தகை தொடங்கிய ஒரு வீடு வந்திருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிவிட்ட புளோக், விற்பவர் தமிழர். அதே தெருவில் மற்றவர்கள் கேட்பதைவிடக் குறைவாகக் கேட்கிறார். இதைத் துணிந்து வாங்கலாமா?

கணக்குப்பிள்ளை
12 ஆகஸ்ட் 2025

குறைவாகக் கேட்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் அவர் சீனருக்கு விற்க முடியாது, வாங்கக்கூடியவர்கள் குறைவு. நீங்கள் விற்கும்போதும் வரம்பு நிரம்பியே இருந்தால் அதே குறுகிய வட்டத்துக்குள் ஆள் தேடுவீர்கள். பத்தாண்டுகளாவது குடியிருந்தும் இந்த வரம்பினால் விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து, சில நிபந்தனைகளுடன், வீவக வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் வந்தது. ஆனால் அதை நம்பி விலை பேசக் கூடாது. மகன் படித்து முடிக்கும்வரை அங்கேயே இருப்பதாக எண்ணமிருந்தால் வாங்கலாம். கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டு முடிந்ததும் விற்றுவிட்டுக் கூட்டுரிமை வீட்டுக்கு மாறும் திட்டம் இருந்தால் வேண்டாம். குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பதையும் பாருங்கள்: விட்டுப்போகும் 20,000 வெள்ளி மானியத்தைவிட விலை வித்தியாசம் கூடுதலாக இருந்தால்தான் அது உண்மையான மலிவு.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் வீவகவின் தகுதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் மானியமும் கடன் தொகையும் தெரிந்துவிடும். பிறகு விகிதாசார நிலவரத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே, வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் ஓடிபி பத்திரத்துக்கு 1,000 வெள்ளிக்கு மிகாத முன்பணம். அது கையெழுத்தான பின்புதான் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீட்டுக்கு மேல் ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும் ரொக்கமாகத் தர வேண்டும், மசேநிதியோ கடனோ அதற்கு உதவாது. வாங்குவதா இல்லையா என்ற முடிவுக்கு உங்களுக்கு 21 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் ஒரு மழை நாளில், விற்பவரிடம் சொல்லிவிட்டு, வடக்கு ஜன்னல் பக்கம் போய் நின்று பாருங்கள்.